கல்கத்தாவிலிருந்து இரண்டு பகல்

தம்பி,

உன் அம்மா செத்துப்போனதை அறிந்துகொண்டுதான் நீ தாலி கட்டினாய்.

இதை நான் மூன்று கடிதங்களில் கேள்வியாகக் கேட்டேன். மூன்றுக்கும் பதில் போட்டாய். முதலாவதில் உன் கந்தோருக்குப் புதிய துரை வந்த செய்தி இருந்தது. இரண்டாவதில் சிங்கப்பூர் மழை. மூன்றாவதில் உன் மனைவிக்குப் பனங்கிழங்கு ஒடியலும் நல்லெண்ணெயும் அனுப்பச் சொல்லியிருந்தாய், அனுப்பினேன். கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அதனால் இம்முறை கேட்கவில்லை, நான் நம்புவதை உண்மை என்றே எழுதுகிறேன். எழுதியதைப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். இங்கே அச்சாகிற பத்திரிகை மலாயாவில் நம்மவர் இருக்கிற வீடெல்லாம் சுற்றும் என்பது உனக்குத் தெரியும். ஊர்ப் பெயரோ என் பெயரோ போடவில்லை. உன் தங்கையைச் செல்லம் என்று எழுதுகிறேன், மற்றப் பெயர்களும் மாற்றியவைதான். பண்டத்தரிப்புப் பக்கத்தில் வாசற்படலைக்கு ஒரு செல்லம் இருக்கிறாள், ஆகவே அதனால் ஒன்றும் வெளிப்படாது. அவளைக் கேட்டுத்தான் கொடுக்கிறேன். "போடுங்கோ அப்பு, முழுப்பேரைப் போட்டாலும் எனக்குக் காரியமில்லை" என்றாள்.

படிக்கிறவர்கள் என்னை நியாயவான் என்று நினைத்துவிடக்கூடாது. அம்மாவின் சாவை உனக்கு மறைத்தவன் நான். தந்தி அடித்திருந்தால் அடுத்த நாள் உன் கையில் இருந்திருக்கும். அடிக்கவில்லை. மறந்துபோயோ துக்கத்தினாலோ அல்ல, கணக்குப் பார்த்து அடிக்காமல் விட்டேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரமும் கணிதமும் படிப்பித்தவனுக்கு அந்தக் கணக்கு வராமல் இருக்குமா? உனக்கும் நானே படிப்பித்தேன். கொழும்பிலிருந்து ஒரு கப்பல் இத்தனை மைல் வேகத்தில் புறப்பட்டால் சிங்கப்பூருக்கு எப்போது போய்ச் சேரும் என்று நீ பத்து வயதில் சிலேற்றில் போட்ட கணக்கை, அம்மா செத்த அன்று நான் பஞ்சாங்கத்தின் பின்மட்டையில் போட்டேன்.

ஆகாயத் தபால் பற்றிய செய்தி நம் வீட்டுக்கு வந்ததும் என் வாயால்தான். நீ போய் மூன்றாம் வருடம், ஒரு சனிக்கிழமை, பத்திரிகையை உரத்து வாசித்தேன். கல்கத்தாவில் விடியப் புறப்படுகிற பிளேன் அடுத்த நாள் பொழுதுபட சிங்கப்பூரில் இறங்குமாம். இரவில் பறக்காதாம். இடையிலே ஓரிடத்தில் இறங்கி, எல்லோரும் படுத்தெழும்பி, விடிந்தபிறகுதான் திரும்பப் பறக்குமாம். தூரம் இரண்டாயிரம் மைலுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு நூறு மைல் என்று வைத்தால் பறக்கிற நேரம் இருபது மணித்தியாலத்துக்குள். கொழும்பிலிருந்து கடல்வழியாகச் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான், கப்பலுக்கு ஐந்தாறு நாள். இரண்டு வழிக்கும் மைல் ஒன்றுதான், நாள்தான் வேறு என்று வகுப்பில் சொல்வதுபோல விளக்கினேன். உன் அம்மா செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, பிளேன் இரண்டு நாளிலை போகுமெண்டால் தம்பியும் இரண்டு நாளிலை வரலாமே?"

"அது கல்கத்தா மட்டும்தான். அங்கையிருந்து றெயில் கோச்சியிலையும் தோணியிலையும் இஞ்சை வர நாலு நாள்."

"அப்ப ஆறு நாள்."

"ஆறு நாளெண்டாப்போலை? உன்ரை மோன் கிளாக்கர். பிளேனிலை துரைமாரும் கடிதமும்தான் போறது."

"கடிதம் ஏறலாம், மனிசன் ஏறேலாதோ?"

"கடிதத்துக்குப் பாரமில்லை."

"என்ரை பிள்ளையும் பாரமில்லை. உங்களைப்போலை எலும்புதான்."

நான் சிரித்தேன். செல்லம் அறைவாசலில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை நான் கவனிக்கவில்லை. வீட்டில் பெண்பிள்ளை நிற்கிற இடத்தை யார் கவனிக்கிறார்கள்?

சிங்கப்பூர் கிழக்கே இருப்பதால் அங்கே சூரியன் முந்தி எழும்பும், உன் மணிக்கூடு எங்கள் மணிக்கூட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட முந்தி ஓடும் என்று ஒருமுறை உன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதை அவள் பிடித்துக்கொண்டாள். உலை வைக்கும்போது, "தம்பி இப்ப கந்தோருக்குப் போயிருப்பான்" என்பாள். பின்னேரம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது, "வீட்டை வந்து காலைக் கழுவியிருப்பான்" என்பாள். உன் கடிதம் மாதம் ஒன்று வரும், அதிலும் அரைப்பக்கம் நலம் விசாரிப்பு. நீ அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதை அவள் சுவர் மணிக்கூட்டில்தான் பார்த்துக்கொண்டாள்.

பிறகு உன் கலியாணம் பேசினோம். நீயும் துரைராசாவும் ஒரே கந்தோர், கந்தோருக்குக் கிட்ட ஒரே வீட்டில் குடியிருப்பு. அவன் தங்கை உனக்கு, உன் தங்கை அவனுக்கு. மாற்றுச் சம்பந்தத்தின் வசதி என்னவென்று பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொடுப்பதும் வாங்குவதும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும், இரண்டு வீட்டுக்காரரும் தாராளமாகச் சிரிக்கலாம். இரண்டு பெண்களையும் ஒருவரும் கேட்பதில்லை, நாங்களும் கேட்கவில்லை. உன் கலியாணம் முதலில் சிங்கப்பூரில், உன் மாமனார் வீட்டில். பிறகு துரைராசா லீவில் வந்து செல்லத்தைக் கட்டுவது. இரண்டுக்கும் ஒரே கயிறு, ஒன்று அறுந்தால் மற்றதும் அறும். நாங்கள் கப்பலேறி வரமுடியாது என்று எழுதினேன். நீ நாளைக் குறித்து எழுதினாய், ஒரு புதன்கிழமை.

அந்த நாளுக்கு மூன்று கிழமைக்கு முன்பு அம்மாவுக்கு நெருப்புக்காய்ச்சல். உனக்கு "சிறு காய்ச்சல், பயமில்லை" என்று எழுதினேன். என் முதல் பொய் அது. உன் கலியாணத்துக்கு முந்திய கிழமை, திங்கட்கிழமை பின்னேரம், டொக்டர் வந்துவிட்டுப் புறப்பட்டார். நான் வாசலில் நின்று அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா கேட்டது என் காதில் விழுந்தது.

"தம்பிக்கு இப்ப எத்தினை மணி?"

டொக்டரைப் படலை வரைக்கும் கொண்டுபோய்விட்டு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். செல்லம், "ஆறு மணி அம்மா" என்று சொன்னது கேட்டது. நான் திரும்பி வந்தபோது முடிந்துவிட்டது. எங்கள் மணிக்கூட்டில் நாலு மணி சொச்சம்.

உனக்கு அறிவித்தால் என்ன நடக்கும் என்பது தெரியும். தாய் செத்தால் துடக்கு, அந்தத் தீட்டு, முப்பத்தொரு நாள். கலியாணம் நிற்கும். நின்றால் அந்தப் பெண்ணை, வீட்டுக்குள் கால் வைக்க முன்னமே மாமியைத் தின்றவள் என்பார்கள். பேச்சு முறியும். முறிந்தால் செல்லத்தின் காரியமும் முறியும். இந்தத் துடக்கில் ஒரு சவுகரியம் வைத்திருக்கிறோம். தூரதேசத்தில் இருக்கிறவனுக்கு அறிந்த நேரத்திலிருந்துதான் துடக்கு, அறியும்வரைக்கும் அவன் சுத்தமானவன். தாயின் உடம்பு எரிந்து சாம்பலாகிக் கீரிமலைக் கடலில் கரைந்தபிறகும், கடிதம் கையில் கிடைக்காதவனுக்குத் தாய் சாகவில்லை. இப்படி ஒரு விதியை உண்டாக்கிய சாதி, அதை என்னைப் போன்ற ஒருவன் பயன்படுத்துவான் என்று அறியாமலா உண்டாக்கியிருக்கும்? சாதாரணத் தபாலில், அந்தக் கிழமைக் கப்பல் போனபிறகு வியாழக்கிழமை பார்த்துப் போட்டால், அடுத்த கிழமைக் கப்பல். அது உன்னிடம் வரும்போது உனக்குக் கலியாணமாகி ஒரு கிழமையாவது ஆகியிருக்கும். அந்தக் கணக்கைத்தான் போட்டேன். விடை சரியாக வந்தது.

பறை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பறைச்சத்தம் கேட்டால் சுற்றியுள்ள ஊரெல்லாம் அறியும், ஊர் அறிந்தால் மலாயா அறியும். செவ்வாய்க்கிழமை விடிய, சொல்லி அனுப்பியும் கேளாமல், சின்னான் படலைக்கு வெளியே வந்து நின்றான். நம் ஊர்ச் செத்தவீட்டுக்கெல்லாம் அவன்தான் பறை. அவன் தகப்பன்தான் என் தாய்க்கும் அடித்தவன்.

"நயினார், நாச்சியாருக்குப் பறை வேண்டாமாம் எண்டு சொன்னாங்கள்."

"ஓம்."

"நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ?"

"பிழை ஒண்டுமில்லை. சத்தம் வேண்டாம், அவ்வளவுதான்."

"ஒளிச்செடுக்கிற பிரேதமெண்டு சனம் சொல்லும், நயினார்."

"சொல்லட்டும். நீ போ."

போனான். பறை அடிப்பதுதான் உன் தொழில் என்று அவனுக்கு விதித்தவர்கள் நாங்கள். அதை அடிக்காதே என்றும் நாங்களே சொன்னோம். நம் கிணற்றில் அவன் அள்ளக்கூடாது, நாங்கள் வார்க்கும்வரைக்கும் வெயிலில் நிற்கவேண்டும். சிறுவயதில் என் வகுப்பில் இரண்டு வருடம் நிலத்தில் இருந்து படித்தான். வாங்கில் இடம் இருந்தது. அவனை இருத்தக்கூடாது என்று மனேச்சர் சொன்னார், சரி என்றேன். அதை எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. நான் சொன்ன சரிதான் சட்டம்.

நானே கொள்ளி வைத்தேன். அன்று பின்னேரம் தொடங்கி மூன்று நாள் வீடு வீடாகப் போனேன். துடக்குக்காரன் வீட்டுப்படி ஏறக்கூடாது என்பதால் ஒவ்வொரு படலையிலும் நின்று சொன்னேன், பத்துப் பதினைந்து நாளைக்கு மலாயாவுக்குக் கடிதம் போடாதையுங்கோ, போட்டாலும் இதை எழுதாதையுங்கோ என்று. ஒருவரும் மறுக்கவில்லை. தேர்வடத்தில் முதல் கை வைப்பது யார் என்று கோடேறி வழக்காடி, ஒருவரோடொருவர் முகம் பாராமல் இருந்த ஊர், இந்த ஒரு பொய்யில் ஒற்றுமையாய் நின்றது. "ஒரு குமரின்ரை காரியம், எங்களுக்குத் தெரியாதே" என்றார்கள். மேற்கு வளவு இளையதம்பியர் மட்டும் சிரித்தார்.

"நான் என்ரை பெடியனுக்குச் சித்திரைக்குச் சித்திரைதான் எழுதிறனான், வாத்தியார். நான் செத்தாலும் அவன் அடுத்த சித்திரைக்குத்தான் யோசிப்பான். நீங்கள் பயப்பிடாமல் போங்கோ."

உன் மாமனாரின் சொந்தக்காரர் சாவகச்சேரியில். இருபது மைற்கட்டை தூரம். அவர்களுக்கு முப்பத்தொன்று முடிந்தபிறகுதான் தெரியும். அந்த இருபது கட்டையைத் தாண்டாமல் ஒரு சாவை ஒரு மாதம் நிறுத்திவைத்தோம். அவ்வளவு திறமைசாலிகள் நாங்கள்.

ஊரில் எல்லா வீட்டுக்கும் போனேன் என்றேன், அது பொய். சின்னான் பகுதிக் குடிசைகளுக்கு நான் போகவில்லை. அவர்களுக்கு மலாயாவில் யார் இருக்கிறார்கள், அவர்கள் யாருக்குக் கடிதம் எழுதப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

உன் கலியாணம் நடந்தது. என் கடிதம் உனக்குக் கிடைத்தது, நீ பதிலும் எழுதினாய். நல்ல கடிதம்தான், ஒரு மகன் எழுதவேண்டியபடி எழுதியிருந்தாய். அதில் ஒரு வசனம்: "அம்மா கடைசியாக எனக்கு எத்தனை மணி என்று கேட்டாவாம், அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கிடந்து வேகிறது." அதை நான் திரும்ப வாசித்தேன். நான் உனக்கு எழுதியது நாலு வரி. காய்ச்சல், திங்கட்கிழமை, கொள்ளி, நீ மனந்தளராதே. அவள் நேரம் கேட்டதை நான் எழுதவில்லை. எழுத எனக்கு முகம் இருக்கவில்லை. டொக்டரைத் தவிர, அன்று அந்தக் கேள்வி காதில் விழுந்தவர்கள் இரண்டே பேர். நான் எழுதவில்லையென்றால் மற்றவள்தான்.

செல்லத்தைக் கூப்பிட்டேன்.

"அண்ணைக்கு நீ எழுதினியோ?"

"ஓம்."

"எப்ப?"

"அம்மாவை எடுத்த அண்டைக்கு."

"ஆர் கொண்டுபோய்ப் போட்டது?"

"சின்னான்."

நான் அடித்தேன். கை தானாகப் போய்விட்டது என்று எழுத வசதிதான், ஆனால் தானாகப் போகவில்லை. அவள் கன்னத்தைத் தொட்டும் பார்க்கவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீங்கள் போகச் சொன்னாப்பிறகு அவன் பின்வேலிப் பக்கம் வந்தவன், அப்பு. 'சின்ன நயினாருக்கு அறிவிச்சாச்சோ பிள்ளை நாச்சியார்' எண்டு கேட்டவன். இந்த ஊரிலை அப்பிடிக் கேட்டது அவன் ஒருத்தன்தான். நில்லெண்டு சொல்லிப்போட்டு உள்ளை போய் எழுதிக் குடுத்தன். ஆகாயத்தாலை போறதிலை போடு எண்டனான். உங்கடை வாயாலை கேட்டதுதானே."

"உன்ரை கலியாணமும் சேர்ந்து குழம்புமெண்டு யோசிக்கேல்லையோ?"

"யோசிச்சன். அம்மா இல்லையெண்டு தெரியாமல் அண்ணை கட்டிற தாலியிலை என்ரை தாலியும் தொங்குது. அது எனக்கு வேண்டாமெண்டுதான் எழுதினன்."

தபாற்கந்தோரிலும் விசாரித்தேன். ஆம், சின்னான் வந்தான். விறாந்தையில் ஏறாமல் முற்றத்தில் நின்று, "இது பிளேனிலை போகவேணும் ஐயா" என்று கூப்பிட்டானாம். நீலச் சீட்டு ஒட்டி, அன்றைய பையில் போட்டார்களாம். நான் முதற்படலையைத் திறந்து முதல் வீட்டுக்காரனிடம் மன்றாடிக்கொண்டிருந்த நேரம், அந்தக் கடிதம் யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இனி நாளைப் பார். செவ்வாய் பின்னேரம் கோச்சி. புதன் தலைமன்னார், கடல் கடந்து இராமேஸ்வரம் பக்கம். வியாழன் சென்னை. சனி கல்கத்தா. அங்கிருந்து கிழமைக்கு இரண்டு பிளேன் என்று விசாரித்தறிந்தேன். ஞாயிறு விடியப் புறப்பட்டதில் ஏறியிருந்தால் திங்கள் பொழுதுபட சிங்கப்பூர், செவ்வாய் காலை உன் வீடு. கலியாணத்துக்கு முதல் நாள். ஞாயிற்றுப் பிளேனைத் தவறவிட்டிருந்தால் அடுத்தது புதன் விடிய, வியாழன் பொழுதுபட சிங்கப்பூர், வெள்ளி காலை உன் வீடு. கலியாணத்துக்கு இரண்டு நாள் பிந்தி. செவ்வாயா, வெள்ளியா? இந்த மூன்று நாளுக்குள் நீ யார் என்பது கிடக்கிறது. வெள்ளி என்றால் இந்தக் கதையில் குற்றவாளி நான் ஒருவன். செவ்வாய் என்றால் நாம் இரண்டு பேர்.

என்னைப் பொறுத்தவரை எதுவானாலும் வாழ்ந்துவிடுவேன். எனக்கு அறுபது முடிகிறது. நான் மூன்று கடிதம் போட்டதும் இப்போது பத்திரிகை வரைக்கும் போவதும் எனக்காக அல்ல. அடுத்த மாதம் அம்மாவின் ஆட்டைத் திவசம், வருடம் ஒன்று நிறைகிறது. அது கழிந்ததும் துரைராசா லீவில் வருகிறான், கப்பலுக்கு இடம் பதிந்தாயிற்று. செல்லம் ஒரு சொல்லில் நிற்கிறாள். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒரு வீட்டிலை இருந்தவை, அப்பு. கடிதம் வந்தால் முதல் வாறவர் வாங்கி மேசையிலை வைக்கிறதெண்டு அண்ணையே எழுதினவர். செவ்வாய்க்கிழமை போயிருந்தால் அவரும் அறிவார். அறிஞ்சுகொண்டு புதன்கிழமை அண்ணைக்குத் தோழனாய் நிண்டவரெண்டால், அந்த மனிசனுக்கு நான் கழுத்து நீட்டமாட்டன். நாளைக்கு நான் செத்தாலும் ஒரு நல்லநாள் பார்த்துத்தான் அறிவிப்பார். வெள்ளிக்கிழமை போயிருந்தால் எனக்கொரு மறுப்புமில்லை. வரச்சொல்லுங்கோ, கட்டிறன்."

நான் கத்தவில்லை. கத்துவதற்கு எனக்கு இருந்த உரிமையை அன்று அடித்துச் செலவாக்கிவிட்டேன். துரைராசாவுக்கே எழுதிக் கேட்போம் என்றேன். "அவர் இல்லையெண்டுதான் எழுதுவார். மாப்பிள்ளையாய் வரப்போறவர் வேறை என்ன எழுதுவார்?" என்றாள். அது சரிதான். உன்னைக் கேட்போம் என்றேன். நீ இல்லை என்றாவது எழுதுவாய் என்று நினைத்தேன், தம்பி. அதற்கு ஒரு வரி போதும். ஒடியலுக்கு நாலு வரி எழுதினவன் அந்த ஒரு வரியை எழுதவில்லை. இந்தக் கடிதத்தின் முதல் வரியை நான் அப்படித் தொடங்கியது அதனால்தான்.

ஒரு தகப்பன் மகனுக்குப் புத்தி சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். என்னிடம் அதிகம் இல்லை. தூரத்தை நம்பிக் காரியம் செய்யாதே, அவ்வளவுதான். நான் நம்பினேன். இடையில் ஒரு கடல் கிடக்கிறது, கப்பல் மெதுவாகப் போகும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்தேன். இப்போது பிளேன் போகிறது. அதனால் மனிதர் உண்மை பேசத் தொடங்கிவிடவில்லை, பொய்யை வைத்திருக்கக்கூடிய நாள்தான் குறைந்திருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் குடாநாட்டில் காலையில் ஏறி அன்றைக்கே சிங்கப்பூரில் இறங்குவார்கள். அப்போதும் இங்கே ஒருவன் பஞ்சாங்க மட்டையில், எத்தனை மணித்தியாலம் பிந்தி அறிவித்தால் கலியாணம் தப்பும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். சாவை விட ஊர்வாய் பெரிது என்று நாங்கள் படிப்பிக்கும்வரைக்கும் அந்தக் கணக்கு நிற்காது. நான் படிப்பித்தேன், நீ படித்தாய்.

நான் திருந்திவிட்டேன் என்றும் நினைக்காதே. போன கிழமை சின்னான் வந்து, "சின்ன நயினாரிட்டையிருந்து ஏதும் வந்ததோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். என் மனைவியின் சாவை என் மகனுக்கு அறிவிக்க நினைத்த ஒரே மனிதன் அவன். அவனை முற்றத்து வெயிலில் நிறுத்தி வைத்துத்தான் அதையும் சொன்னேன். வாங்கு விறாந்தையில்தான் கிடந்தது. இரு என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். இதையும் பத்திரிகை படிக்கிறவர்கள் அறியட்டும். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடுகிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வார்கள்.

உன் வாய்ச்சொல் இனி வேண்டாம். உறையை அனுப்பு. செல்லம் எழுதிய கடிதம் வந்த உறை. ஆகாயத் தபால் உறையின் பின்பக்கத்தில், அது போய்ச் சேர்ந்த ஊர்த் தபாற்கந்தோரின் முத்திரை நாளோடு விழும் என்று இங்கே சொன்னார்கள். தொலைந்துவிட்டது என்று எழுதாதே. நீ ஏழு வயது தொடங்கிக் கடிதங்களின் தலைமுத்திரை சேர்த்தவன். ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் உறையை வாங்கிக்கொண்டு வருவாய். நான் ஒருமுறை தலைமுத்திரையை மட்டும் கிழித்தெடுத்தபோது, "உறையோடை வைச்சிருக்கவேணும் அப்பு, அப்பதான் எங்கையிருந்து எப்ப வந்ததெண்டு தெரியும்" என்று என்னோடு சண்டை பிடித்தாய். நீலச் சீட்டு ஒட்டி உனக்கு வந்த முதல் உறை அது. நீ அதை எறிந்திருக்கமாட்டாய்.

வெள்ளிக்கிழமைக்குச் சரியான நாள் அதில் இருந்தால், இதே பத்திரிகையில் என் முதல் வரி பிழை என்று என் பெயரைப் போட்டு எழுதுவேன். செல்லத்துக்குக் கலியாணக் கூறை எடுப்பேன். செவ்வாய்க்குச் சரியான நாள் இருந்தால் உன்னை ஒரு சொல் ஏசமாட்டேன், துரைராசாவின் கப்பல் வரமுன்னம் அவனுக்குத் தந்தி மட்டும் அடிப்பேன். இம்முறை தந்தி அடிப்பேன். இரண்டில் எதுவென்று அறியாமல் உன் தங்கையை நான் மணவறையில் இருத்தமாட்டேன். அவளும் இருக்கமாட்டாள்.

திவசத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கிறது. கப்பலில் போடாதே. கல்கத்தா வரைக்கும் இரண்டு பகல், அங்கிருந்து இங்கே நாலு நாள், உன் அம்மா கணக்குப் பார்த்தபடி ஆறு. கடிதம் ஒன்றும் எழுதவேண்டாம். உறையை மட்டும் அனுப்பு, பின்பக்கம் கிழியாமல்.